கடைசி நேரப் பாய்ச்சல்

கேள்வி: பந்தயக் குறிப்புகளில், பின்னால் இருந்து வந்து முந்திய குதிரையைச் சில இடங்களில் ‘ஸ்டேட் ஆன்’ என்கிறார்கள், சில இடங்களில் ‘குவிக்கன்ட்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கடைசி 2 ஃபர்லாங்கில் பின்னாலிருந்து பறந்து வருவதாகத் தெரியும் குதிரை, பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுவதே இல்லை. முன்னே ஓடியவை களைத்துப்போகின்றன. இது மட்டும் அவ்வளவாகத் தளராமல் வருகிறது. அதுதான் ‘ஸ்டேட் ஆன்’. நிஜமாகவே வேகம் கூட்டினால் ‘குவிக்கன்ட்’. ஜாக்கி கேட்ட கணத்தில் அப்படிச் சீறும் திறனை ‘டர்ன் ஆஃப் ஃபுட்’ என்பார்கள். நீண்ட தூரப் பந்தயங்களில் அது அபூர்வம்.

எவ்வளவு அபூர்வம் என்பதற்கு 1973 கென்டக்கி டெர்பியைப் பாருங்கள். பின்வரிசையில் தொடங்கிய செக்ரடேரியட், ஐந்து கால் மைல்களையும் ஒன்றைவிட ஒன்று வேகமாக ஓடியது: 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடிகள். மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி, அந்த டெர்பி சாதனை இன்றும் நிற்கிறது. 2 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியே மிக வேகமானது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எப்போதும் பின்தங்கி ஓடி, கடைசியில் முன்னேறும் குதிரைக்கு ‘குளோசர்’ என்று பெயர். அதன் வெற்றி பாதி மற்றவர்கள் கையில் இருக்கிறது. சில்கி சல்லிவன் 1958இல் சான்டா அனிடா டெர்பியில் சுமார் 28 குதிரை நீளம் பின்தங்கியிருந்து வென்றது. அதே ஆண்டு கென்டக்கி டெர்பியில் அந்த உத்தி பலிக்கவில்லை, 12ஆவது இடம்தான். முன்னணிக் குதிரைகள் ஆரம்பத்தில் நிதானமாக ஓடினால் கடைசியில் அவற்றிடம் பலம் மிச்சமிருக்கும். குளோசருக்கு வழி கிடைக்காது. 20 பந்தயங்களில் 19ஐ வென்ற ஸென்யாட்டாகூட, 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் பின்னாலிருந்து விரட்டி வந்து, பிளேமிடம் ஒரு தலை வித்தியாசத்தில்தான் தோற்றது.

‘காட் அப்’ என்றால் கோட்டருகே எட்டிப்பிடித்து வென்றது. ‘கோயிங் அவே’ என்றால் வெல்லும்போதும் இடைவெளியை அதிகரித்துக்கொண்டே போனது. எந்தச் சொல்லைப் படித்தாலும், ஆரம்பக் கால் மைல்கள் எத்தனை விநாடியில் ஓடப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முன்னோடிகள் அளவுக்கு மீறி விரைந்திருந்தால், பின்னால் வந்த குதிரையின் பாய்ச்சலுக்குக் கொஞ்சம் குறைத்தே மதிப்புப் போடுங்கள்.