முதல் இடம் விற்பனைக்கு இல்லை

ஏலகிரி, ஜவ்வாது மலை, வால்பாறை, கொடைக்கானல் மேல்மலை என்று எங்கே டென்ட் போட்டுத் தொழில் நடத்துகிறவரோடு பேசினாலும் ஒரு போன் அழைப்பைப் பற்றிய பேச்சு வந்துவிடும். “கூகுள்ல உங்க கேம்ப்பை ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டுவந்து நிறுத்துறோம் சார், மாசம் இவ்வளவு குடுத்தா போதும்.” கடன் வாங்கி நான்கு டென்ட்டும் ஒரு சமையல் கொட்டகையும் போட்டவருக்கு அந்தத் தொகை சின்னதல்ல. அந்தப் பணத்தில் நல்ல கழிப்பறை ஒன்று கட்டியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: காசு கட்டினால் முதலில் வரலாம்.

காசு கட்டினால் விளம்பரம் வரும். அதன் தலையில் ‘ஸ்பான்சர்டு’ என்று எழுதியிருக்கும், பணம் தீர்ந்ததும் மறைந்துவிடும். அதற்குக் கீழே மேப்போடு வரும் இடங்களும் சாதாரண முடிவுகளும் வேறு கணக்கில் வருபவை. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் அவை ஒரு படிகூட ஏறாது. உள்ளூர்த் தேடலில் நல்ல இடத்தைக் காசு கொடுத்து வாங்க வழியே இல்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் அவர்கள் வாக்குதான். அப்படி உத்தரவாதம் கொடுத்துப் பேசுகிறவரிடம் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

2021-இல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்று பெயர் மாறிய அந்தப் பக்கம், அதாவது மேப்பில் உங்கள் கேம்ப்பின் பெயர், போன் நம்பர், படம், ரிவ்யூ எல்லாம் வருகிற பக்கம், முழுக்க இலவசம். “உங்க லிஸ்டிங் இந்த மாசத்தோட முடியுது, ரினியூ பண்ணணும்” என்று எவராவது அழைத்தால் அது ஏமாற்று. ரினியூவல் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

நம்பிக்கை: நானே தேடிப் பார்த்துட்டேன், நம்ம கேம்ப்தான் முதல்ல வருது.

கேம்ப்பில் உட்கார்ந்துகொண்டு ‘டென்ட் ஸ்டே’ என்று தேடினால் உங்கள் கேம்ப் முதலில் வராமல் வேறு எது வரும்? உள்ளூர் முடிவுகளை மூன்று விஷயங்களை வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம். தூரம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அளக்கப்படுகிறது. உங்கள் விருந்தாளியோ வேளச்சேரியிலோ மாட்டுத்தாவணியிலோ இருந்துகொண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுகிறார். அவருக்கு வரும் வரிசை வேறு. உண்மை நிலவரம் தெரிய வேண்டுமானால் இலவசமாகவே கிடைக்கும் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் உங்கள் வெப்சைட்டைச் சேர்த்துப் பாருங்கள். எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். பிசினஸ் புரொஃபைலிலும் இதேபோன்ற பட்டியல் உண்டு. மாதம் ஒருமுறை அதைப் பார்த்தாலே யாரிடமும் ஏமாற வேண்டியிருக்காது.

நம்பிக்கை: பெயரிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டும்.

போர்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. மேப்பிலோ அதற்குப் பின்னால் ‘பெஸ்ட் டென்ட் ஸ்டே கேம்ப்ஃபயர் கப்பிள்ஸ் ஃபேமிலி ட்ரெக்கிங்’ என்று ரயில் பெட்டிபோல் ஒரு வரிசை. இது விதிமீறல். யாராவது புகார் கொடுத்தால் பெயர் திருத்தப்படும், சில சமயம் பக்கமே முடக்கப்படும். முடங்கிய பக்கத்தை மீட்க எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் மே மாத சீசன் போய்விடும். என்ன தொழில் என்று சொல்லத் தனியாக ‘வகை’ என்ற இடம் இருக்கிறது. அங்கே ‘கேம்ப்கிரவுண்ட்’ என்று சரியாகத் தேர்ந்தெடுக்காமல் ‘ஹோட்டல்’ என்று போட்டுவிட்டுப் பெயரை நீட்டுவதில் பயனில்லை.

வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டு அடுக்குவதும் இதே ரகம். பக்கத்தின் கோடுக்குள் எழுதும் ‘கீவேர்டு மெட்டா டேகை’ வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து எழுதுவது ஸ்பாம் என்று தெளிவாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இன்றும் இதற்கெல்லாம் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: லொகேஷன் பின் போட்டாச்சு, இனி வந்து சேர்ந்துடுவாங்க.

மலையில் தொழில் செய்கிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். கொழுக்குமலையை எடுத்துக்கொள்வோம். அது தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகா. ஆனால் வண்டியில் போக வழி போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. அங்கிருந்து ஜீப். கீழே குரங்கணியிலிருந்து இருப்பது நடைபாதை மட்டுமே. சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் அது ‘மூணாறு டிரிப்’. தேடுவதும் மூணாறு என்றுதான். ஆகவே அந்தப் பக்கம் டென்ட் போட்டிருப்பவர் ‘கொழுக்குமலை’ என்று மட்டும் எழுதி வைத்தால் மூணாறு என்று தேடுகிறவருக்குக் கிடைக்க மாட்டார். மூணாறு என்றே எழுதிவிட்டால், மூணாறு டவுனில் ரூம் எடுத்திருப்பதாக நினைத்து வந்து இறங்குகிறவரின் கோபத்துக்கு ஆளாவார். செய்ய வேண்டியது, உள்ளதை உள்ளபடி நான்கு வரியில் எழுதுவது: நிலம் எந்த மாவட்டத்தில், வழி எந்த ஊர் வழியாக, கார் எதுவரை வரும், அங்கிருந்து ஜீப்புக்கு யாரைக் கூப்பிட வேண்டும், மூணாறிலிருந்து எவ்வளவு தூரம், போடியிலிருந்து எவ்வளவு தூரம். இந்த நான்கு வரியில் தேடுகிறவர் தட்டக்கூடிய ஊர்ப் பெயர்கள் எல்லாம் இயல்பாகவே வந்துவிடுகின்றன. பொய்யும் இல்லை.

பின்னை வைத்துவிட்டு, வெளியூர் நண்பர் ஒருவரின் போனிலிருந்து ‘டைரக்ஷன்’ தட்டச் சொல்லிப் பாருங்கள். மலையில் நேர்க்கோட்டுத் தூரத்துக்கு மதிப்பில்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துத் தோட்டப் பாதையில் கொண்டுபோய் விட்டு ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று மேப் சொல்லும். இரவு எட்டு மணிக்குக் குழந்தையோடு அங்கே நிற்கும் குடும்பம் எழுதப்போகும் ரிவ்யூவை எந்த ஏஜென்சியாலும் அழிக்க முடியாது. கதவு எண்ணோ தெருப் பெயரோ இல்லாத இடத்துக்கு ‘பிளஸ் கோடு’ என்று ஒன்று இருக்கிறது. மேப்பில் உங்கள் வாசலை அழுத்திப் பிடித்தால் சில எழுத்தும் எண்ணுமாக வரும். அதை ஊர்ப் பெயரோடு புக்கிங் மெசேஜில் சேர்த்து அனுப்புங்கள். சிக்னல் போய்விடும் வளைவுக்கு முன்பே மேப்பை டவுன்லோடு செய்யச் சொல்லி ஒரு வரியும் எழுதுங்கள்.

கொடைக்கானல் பக்கம் என்றால் இ-பாஸ். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ தங்க வருகிறவருக்கு முதல் சந்தேகமே அதுதான். அதற்கு உங்கள் பக்கத்தில் பதில் இருந்தால், ‘மன்னவனூர் இ-பாஸ்’ என்று தேடுகிறவரும் உங்களிடம் வந்து சேருவார்.

நம்பிக்கை: அஞ்சு ஸ்டார் எண்ணிக்கைதான் முக்கியம், எப்படியாவது ஏத்தணும்.

ரிவ்யூ முக்கியம்தான். வாங்கிய ரிவ்யூ ஆபத்து. ‘ஃபைவ் ஸ்டார் போட்டா பில்லில் தள்ளுபடி’ என்பதும் கூகுளின் விதிக்கு எதிரானது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. கட்டாயமில்லாத தரம் என்றாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதில் தெரியும்.

ஒரு விஷயத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். போனில் ‘கேம்ப்ஃபயர்’ என்று சேர்த்துத் தேடினால், சில இடங்களின் பெயருக்குக் கீழே யாரோ எழுதிய ரிவ்யூவிலிருந்து அந்தச் சொல் உள்ள வரியை மட்டும் எடுத்துக் காட்டியிருக்கும். வெறும் ‘சூப்பர்’, ‘நைஸ்’ என்ற ரிவ்யூவில் எடுத்துக்காட்ட எதுவும் இல்லை. ‘ராத்திரி குளிருக்கு இரண்டு கம்பளி தந்தார்கள், பாத்ரூமில் வெந்நீர் வந்தது, அம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டமாக இருந்தது’ என்று எழுதும் ஒருவர் உங்களுக்கு நான்கு ஸ்டார் மட்டுமே கொடுத்திருந்தாலும் அவர் எழுத்து உங்களுக்குச் சொத்து. கிளம்புகிறவர்களிடம் “என்ன பிடிச்சது, என்ன கஷ்டமா இருந்தது, ரெண்டையும் எழுதுங்க” என்று கேட்பதில் தவறில்லை. படியைப் பற்றிய குறைக்கு, கைப்பிடியைப் போட்ட பிறகு, “கைப்பிடி போட்டிருக்கிறோம்” என்று பதில் எழுதுங்கள்.

நம்பிக்கை: இன்ஸ்டாவில் ரீல்ஸ் ஓடினால் போதும்.

ரீல் நல்லதுதான். பார்த்தவர் ஆசைப்படுவார். பெட்டியைக் கட்டப் போகும்போது, தேதியும் ஆள் எண்ணிக்கையும் கையில் வைத்துக்கொண்டு தேடலுக்குத்தான் போவார். அப்போது உங்கள் கட்டணம், உணவு, வரும் நேரம் எல்லாம் ஒரு வண்ண போஸ்டருக்குள் படமாகக் கிடந்தால் அது முழுதாகப் படிக்கப்படும் என்று நம்ப முடியாது. எழுத்தாகவே எழுதுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். கூகுள் இப்போது வெப்சைட்டின் மொபைல் வடிவத்தைத்தான் படித்துப் பதிகிறது. லேப்டாப்பில் அழகாக இருந்து போனில் திறக்கவே திணறும் பக்கத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

மாதம் முப்பது கட்டுரை போட்டுத் தருகிறோம் என்பவர்களையும் தவிர்க்கலாம். வரிசையை ஏமாற்றுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் கட்டுரைகளை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் பட்டியலில் சேர்த்துவிட்டது. ‘கொடைக்கானலில் பார்க்க வேண்டிய இடங்கள்’ ஏற்கெனவே ஏராளம். வால்பாறையில் மழைக்காலத்தில் அட்டை ஏறும், என்ன செருப்பு போட வேண்டும், உப்பு நாங்களே தருகிறோம் என்று எழுதக்கூடியவர் அங்கே கேம்ப் நடத்துகிறவர்தான். அந்த ஒரு பக்கம் முப்பது கட்டுரையைவிட வேலை செய்யும்.

நம்பிக்கை: அனுமதியைப் பற்றியெல்லாம் எழுதினால் ஆட்கள் பயந்துவிடுவார்கள்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ மலையேறப் போனவர்களின் உயிரை வாங்கியது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இவற்றை மறக்கவில்லை. பட்டா நிலமா, உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா, யானை நடமாடும் இடமா, இரவில் காவலுக்கு யார், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்: இவற்றுக்குப் பதில் எழுதி வைத்திருக்கும் கேம்ப்பைத்தான் நான் என் வீட்டாருக்குச் சொல்வேன். அனுமதியே இல்லாத இடமாக இருந்தால் தேடலில் மேலே வர முயல்வதற்கு முன்னால் அதை வாங்க வேண்டும், கிடைக்காது என்றால் டென்ட்டை எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

நம்பிக்கை: சீசன் முடிந்தால் லிஸ்டிங்கை எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் புதுசாகப் போடலாம்.

கூடவே கூடாது. வெப்சைட்டில் செய்யும் மாற்றங்களில் சில ஓரிரு மணி நேரத்திலேயே தேடலில் தெரியும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை அழித்துத் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏற வேண்டும், பழைய ரிவ்யூக்களும் கைவிட்டுப் போகும். மழைக்கு மூடும்போது புரொஃபைலில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எப்போது திறக்கும் என்பதை வெப்சைட்டின் முதல் வரியில் எழுதுங்கள். திறக்கிற அன்று காலையிலேயே இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஏப்ரல், மே கூட்டத்துக்கான வழிக்குறிப்பு, கட்டணம், படங்கள் எல்லாம் பொங்கலுக்குள் ஏறியிருந்தால், பரீட்சை முடிகிற தேதியைப் பார்த்துத் திட்டம் போடுகிற குடும்பங்கள் தேடும்போது அவை அங்கே இருக்கும்.