சேமித்த பக்கங்கள்

மாணவர்களே! இணையத்தில் ஒரு கட்டுரையைக் காண்கிறோம். பின்னர்ப் படிக்கலாம் என்று கருதி, உலாவியில் உள்ள நட்சத்திரக் குறியை அழுத்துகிறோம். இதற்குப் புத்தகக்குறி என்று பெயர். அழுத்துவது எளிது, ஆகவே குவியலும் விரைவில் சேர்ந்துவிடுகிறது. முந்நூறு குறிகள் சேர்ந்தபின், வேண்டிய ஒன்று வேண்டிய பொழுதில் அகப்படுவதில்லை.

புத்தகக்குறி என்பது கட்டுரை அன்று. கட்டுரை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. அவ்வீட்டார் குடிபெயர்ந்துவிட்டால் முகவரியால் பயனில்லை. பெற்றோரின் பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் வந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டுமா? பின்னர்ப் படிப்பதற்கென்றே பக்கங்களைச் சேர்த்து வைக்க உதவிய 'பாக்கெட்' என்னும் செயலி 2007-இல் தோன்றியது. 2017-இல் மொசில்லா நிறுவனம் அதனை வாங்கியது. 2025 ஜூலை 8 அன்று அது மூடப்பட்டது. பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ளப் பயனர்களுக்குச் சில மாத அவகாசம் கிடைத்தது. அப்பட்டியலில் இருந்தவையும் பெரும்பாலும் தலைப்புகளும் முகவரிகளுமே.

குவியலை ஒழுங்குபடுத்தும் கலையில் தேர்ந்த தமிழர் ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பின்னாளில் காசி, தில்லி, பெங்களூரு எனத் தமிழகத்திற்கு வெளியேயும் பணியாற்றினார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலுக்கு ஒரே இடம் என்று நின்றுவிடாமல், நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. இடமும் காலமும் அக்கூறுகளுள் அடங்கும்.

இதனை நாமும் பின்பற்றலாம். கல்லணை பற்றிய கட்டுரையை எந்தக் கோப்புறையில் இடுவது? வரலாறா, புவியியலா, தமிழா? கோப்புறைக்குள் கோப்புறை அமைத்துத் துன்புற வேண்டா. குறியின் பெயரையே மாற்றி, 'கல்லணை – பாசனம் – காவிரி – சோழர்' என்று தமிழில் எழுதுங்கள். எந்தச் சொல்லைத் தேடினாலும் அது கிடைக்கும். பெயர் எழுத இயலவில்லை என்றால், அதனை ஏன் சேமித்தோம் என்பதே மறந்துவிட்டது என்று பொருள், தயங்காமல் நீக்கலாம். முடிந்துபோன தேர்வின் கால அட்டவணையையும் நீக்கலாம்.

பாட்டி சொன்ன கதையை ஒத்த கதை, சொந்த ஊரின் கோயில் வரலாறு போன்றவற்றை முகவரியாக மட்டும் வைத்திராதீர்கள். அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பக்கம் மறைந்துவிட்டால், இணைய ஆவணகம் 2001-இல் திறந்த 'வேபேக் மெஷின்' தளத்தில் பழைய முகவரியை இட்டுப் பாருங்கள். சில வேளை படி கிடைக்கும். பழந்தமிழ் நூல்களாயின், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவற்றைக் கட்டணமின்றித் தரவிறக்கலாம்.

பள்ளிக் கணினியில் சேமித்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் பெறுமுன் இன்னொன்றும் செய்ய வேண்டும். புத்தகக்குறி மேலாளரில் 'ஏற்றுமதி' என்பதைத் தேர்ந்தால், குறிகள் அனைத்தும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். தமிழ் நூலகம் இல்லாத ஊருக்குச் செல்பவருக்கு அந்தச் சிறு கோப்பே நூலகம்.

பயிற்சி

1. புத்தகக்குறிக்கும் கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பிரித்து எழுதுக: முந்நூறு, அப்பட்டியல்.
3. நீங்கள் சேமித்த தமிழ்ப் பக்கங்களுள் ஐந்தனுக்குப் புதுப்பெயர் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.