சீட்டுக்கும் தடை வந்தது எப்படி?

கேள்வி: ராணி வலிமையான காய் என்பதற்காகச் சதுரங்கத்தில் யாரும் அதைத் தடை செய்வதில்லை. ‘மேஜிக்: தி கேதரிங்’ போன்ற டிரேடிங் கார்டு விளையாட்டுகளில் மட்டும் சில சீட்டுகளை வைத்து ஆடக் கூடாது என்று தடைப் பட்டியல் போடுகிறார்களே, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: ராணிக்கு எவ்வளவு வலிமை இருந்தாலும் எதிராளியிடமும் ஒரு ராணி இருக்கிறது. ரம்மியிலும் பொதுவான சீட்டுகளைக் கலைத்துத்தான் எல்லோருக்கும் போடுகிறோம். டிரேடிங் கார்டு விளையாட்டில் ஆளுக்கொரு கட்டு; அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அவரவர் வீட்டிலேயே தீர்மானித்து எடுத்து வருகிறார்கள். இந்த வகையைத் தொடங்கிவைத்தது, 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மேஜிக். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆடுபவர் 60 சீட்டு கொண்ட தொடக்கப் பொட்டலம் ஒன்றும், 15 சீட்டு கொண்ட சின்னப் பொட்டலங்கள் சிலவும் வாங்குவார். ‘பிளாக் லோட்டஸ்’ போன்ற பலமான சீட்டுகள் அரிதாகவே அச்சாவதால் ஒரு நண்பர் வட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும் என்பது அவர் கணக்கு. அரிதாக இருப்பதே அந்தச் சீட்டுகளுக்கு அவர் போட்ட கடிவாளம். அன்றைய விதிப்படி கட்டில் 40 சீட்டு இருந்தால் போதும். ஒரே சீட்டில் எத்தனை பிரதி வைத்தாலும் கேட்பாரில்லை.

முதலில் அச்சிட்ட 26 லட்சம் சீட்டுகள் வெகு சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன. பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அரிய சீட்டுகள் ஒரே கையில் குவிந்தன, கடிவாளம் அறுந்தது. 1994 ஜனவரியில் போட்டி விதிகள் வகுக்கப்பட்டன: கட்டில் குறைந்தது 60 சீட்டு, ஒரு சீட்டில் அதிகபட்சம் நான்கு பிரதி, சில சீட்டுகளுக்கு ஒரே பிரதி, இன்னும் சிலவற்றுக்கு அடியோடு தடை. தடைப் பட்டியலின் பிறப்பு இதுதான். சீட்டு கிடைப்பது கடினம் என்பதை நம்பி விட்ட சமநிலையை, விதி எழுதித் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரு கட்டு தொடர்ந்து ஜெயித்தால் அதைக் கண்டுபிடித்தவரின் திறமை என்றுதானே சொல்ல வேண்டும்? எந்த இடத்தில் அது குற்றமாகிறது?

பதில்: ஜெயிப்பது குற்றமே இல்லை. ஒரு போட்டிப் பருவத்தில் ஏதாவது ஒரு கட்டு முன்னணியில் இருக்கத்தான் செய்யும். கல்லைக் காகிதமும் காகிதத்தைக் கத்தரிக்கோலும் வெல்வதுபோல அதை வெல்ல ஒரு கட்டு, அந்தக் கட்டை வெல்ல இன்னொன்று என்று சக்கரம் சுழலும் வரை ஆட்டத்துக்கு ஆபத்தில்லை. அதனால் கோப்பைகளை எண்ணி ஆதிக்கத்தை அளக்க முடியாது. மற்றவர்கள் தங்கள் கட்டில் எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்தச் சீட்டைக் கையில் எடுத்தாலும் “அந்தக் கட்டுக்கு எதிரே இது தாங்குமா?” என்ற ஒரே கேள்வி எழத் தொடங்கினால், சீட்டைக் கலைப்பதற்கு முன்பே ஆட்டத்தின் பாதி முடிந்துவிட்டது.

வெற்றி விகிதம் இங்கே கண்ணைக் கட்டிவிடும். எல்லா எதிரிகளையும் நூற்றுக்கு 60 முறை வெல்லும் ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு வந்த 100 பேரில் 20 பேர் அதை ஆடினால், அதன் மொத்த வெற்றி சுமார் 58 சதவீதம். அதே கட்டை 80 பேர் ஆடினால்? பெரும்பாலான ஆட்டங்களில் அது தன்னையே எதிர்கொள்கிறது; அதில் ஒன்று வென்றால் ஒன்று தோற்கும். மொத்த விகிதம் 52-க்கு இறங்கிவிடும். ஆதிக்கம் முற்ற முற்ற அந்தக் கட்டு சாதுவாகத் தெரிகிறது! “பாதிக்குப் பாதிதானே ஜெயிக்கிறது” என்று சமாதானம் சொல்பவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கணக்கில்தான்.

‘அஃபினிட்டி’ என்று பெயர் பெற்ற கட்டு இதற்கு நல்ல சாட்சி. மேஜிக்கில் சீட்டை இறக்க ‘மானா’ செலவாகும். மானா தருவது நிலச் சீட்டு. ஒருவர் தன் முறைக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம். ஆட்டத்துக்கு இதுதான் வேகத்தடை. 2003 அக்டோபரில் வந்த ‘மிரோடின்’ தொகுப்பில் ‘ஆர்ட்டிஃபாக்ட்’ எனப்படும் கருவிச் சீட்டுகளுக்கு ஒரு சலுகை தந்தார்கள்: மேசையில் உங்களுக்கு எத்தனை கருவி இருக்கிறதோ, அத்தனை மானா சில சீட்டுகளின் விலையில் குறையும். ஏழு மானா கேட்கும் ‘மிர் என்ஃபோர்சர்’, ஏழு கருவி இருந்தால் இலவசம். அதே தொகுப்பில், கருவியாகவும் கணக்கில் வரும் நிலங்களை அச்சிட்டதுதான் வினை. நிலம் ஒன்று, அது மானாவும் தந்தது, விலையையும் குறைத்தது. வேகத்தடை இருந்த இடத்தில் சறுக்குமரம் வந்தது.

2004 பிப்ரவரியில் ‘டார்க்ஸ்டீல்’ தொகுப்பு ‘ஆர்க்பவுண்ட் ராவேஜர்’, ‘ஸ்கல்கிளாம்ப்’ இரண்டையும் கொண்டுவந்தது. ஸ்கல்கிளாம்பை அணிந்த உயிரினத்துக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும். அது இறந்தால் ஆடுபவருக்கு இரண்டு சீட்டு. தாங்கும் வலு ஒன்றே உள்ள சின்ன உயிரினத்துக்கு மாட்டினால் அது அப்போதே சாகும். ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டு லாபம். அதே ஆண்டு ஜூனில் அதற்குத் தடை வந்தது, கட்டு அசையவில்லை. காரணம் ராவேஜர். சொந்தக் கருவிகளைத் தின்று வளர்வது அதன் குணம். எதிராளி ஒரு கருவியை அழிக்கச் சீட்டு இறக்கினால், அது அழிவதற்குள் ராவேஜர் அதை விழுங்கிவிடும். கருவி ஒவ்வொன்று மடியும்போதும் ‘டிசைப்பிள் ஆஃப் தி வால்ட்’ எதிராளியின் உயிர்ப்புள்ளியில் ஒன்றைக் கிள்ளும். மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் கொழுத்தது. 2005 மார்ச்சில் ஸ்டாண்டர்டு என்னும் போட்டி வகையில் எட்டுச் சீட்டுகளை ஒரே நாளில் தடை செய்தார்கள். அவற்றில் ஆறு நிலச் சீட்டுகள். பழுது பகட்டான ஆயுதங்களில் இல்லை, அவற்றுக்குத் தீனி போட்ட அடித்தளத்தில் இருந்தது என்பதை அந்த ஆறும் ஒப்புக்கொள்கின்றன.

திறமை பற்றிய உங்கள் வாதத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை 2011-ல் வந்தது. அந்த ஆண்டு கோலோச்சிய ‘கா-பிளேட்’ கண்மூடி ஜெயிக்கும் கட்டு இல்லை. அதே கட்டுகள் இரண்டு மோதும்போது நுணுக்கமாக ஆடுபவரே பெரும்பாலும் வென்றார். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் டல்லாஸில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியில் கடைசி எட்டுப் பேரின் கட்டுகளில் ‘ஜேஸ், தி மைண்ட் ஸ்கல்ப்டர்’ என்ற சீட்டு மட்டும் 32 பிரதிகள் இருந்தன. ஆளுக்கு நான்கு, விதி அனுமதித்த உச்சம். போட்டிகளுக்கு வரும் கூட்டம் குறைந்தது. ஜூலை 1 முதல் ஜேஸும் ‘ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்’கும் ஸ்டாண்டர்டில் தடை. இந்த விளையாட்டில் திறமைக்கு இரண்டு களம்: ஒன்று மேசை, மற்றது கட்டு அமைக்கும் தனிமை. கா-பிளேட் முதல் களத்தை விட்டுவைத்தது, இரண்டாவதை மூடிவிட்டது. அந்த இரண்டாவது களத்துக்காகவே டிரேடிங் கார்டு என்ற வகை பிறந்தது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய சீட்டை நிறுவனமே செல்லாது என்பது அநியாயம் இல்லையா? வெளியிடும் முன்பே சோதித்திருக்கலாமே?

பதில்: வாங்கியவருக்கு நஷ்டம்தான், மறுக்க முடியாது. 2011 தடையின்போது ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் இருக்கும் ஒரு ஆயத்தக் கட்டு கடைகளில் விற்பனையில் இருந்தது. அந்தக் கட்டை ஒரு சீட்டும் மாற்றாமல் அப்படியே ஆடினால் தடை இல்லை என்று விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் நஷ்டத்தை இரு பக்கமும் எண்ண வேண்டும். தடை இல்லாவிட்டால், அந்தச் சீட்டு இல்லாத அத்தனை பேரின் கட்டுகளும் சொல்லாமலே செல்லாக்காசு. பழைய தொகுப்புகள் காலப்போக்கில் ஸ்டாண்டர்டிலிருந்து விலகும், அதுவரை பொறுக்கலாம் என்பவர்கள் உண்டு. மிதமான ஆதிக்கத்துக்கு அந்தப் பொறுமை சரி. மிரோடின் காலத்தில் அப்படிக் காத்திருந்ததில்தான் ஒன்றரை ஆண்டு போனது.

சோதனை நடக்காமல் இல்லை. ஆனால் ஒரு சிறு குழு மாதக்கணக்கில் ஆடிப் பார்ப்பதைவிட அதிக ஆட்டங்களை, வெளியான முதல் வாரத்திலேயே உலகம் ஆடித் தள்ளிவிடும். 2017-ல் ‘ஃபெலிடார் கார்டியன்’ முந்தைய தொகுப்பின் ‘சாஹீலி ராய்’ சீட்டோடு சேர்ந்து முடிவில்லாமல் பெருகும் என்பதை வடிவமைப்பாளர்கள் கவனிக்கவில்லை. அந்த ஏப்ரலில் தடை போட நேர்ந்தது. புதுச் சீட்டு ஒவ்வொன்றும் பழைய சீட்டுகள் அத்தனையோடும் ஜோடி சேரக்கூடியது. அந்த ஜோடிகளின் எண்ணிக்கை எந்தச் சோதனைக்கூடத்திலும் அடங்காது. ஆகவே புதுச் சீட்டுகள் அச்சாகிக்கொண்டிருக்கும் வரை பட்டியலும் நீளும். பட்டியலில் ஏறியது எல்லாம் இறங்கிவிடுவதும் இல்லை. பிளாக் லோட்டஸ் அதற்கு அடையாளம்: அரிதாக அச்சிட்டும் அடங்காத அதை 1994-ல் கட்டுக்கு ஒன்று என்றார்கள். மிகப் பழைய சீட்டுகளையும் அனுமதிக்கும் விண்டேஜ் வகையில் இன்றும் அதே கணக்குதான், கட்டுக்கு ஒன்று.