சிப்பிக் காளான் அறையில் ஈரப்பதம்: தண்ணீரைக் கொட்டாமல் 85-இல் நிறுத்துவது எப்படி?

வீட்டில் காலியாகக் கிடக்கும் அறையில் இருபது முப்பது படுக்கைகளை உறி கட்டித் தொங்கவிட்டுச் சிப்பிக் காளான் போடுகிறவர்களுக்கு எந்தப் பயிற்சிக்குப் போனாலும் கிடைப்பது ஒரே கணக்குதான்: வெப்பம் 23 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம். கணக்கு சரி. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் செய்கிற முதல் காரியத்தில்தான் கோளாறு. ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். மொட்டு மஞ்சளாகிறது. "தண்ணி பத்தலை போல" என்று மறுபடியும் குளியல். இரண்டு நாளில் பிசுபிசுத்து நாற்றம். பிறகு போன் வரும்: "அண்ணே, வித்து சரியில்லை போலிருக்கே?" பெரும்பாலும் வித்தின் மேல் தப்பிருக்காது.

ஈரப்பதம் என்பது காற்றில் கலந்திருக்கும் நீராவி. காளான் குடையின் மேல் முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் வேறு சங்கதி. பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 28 கன மீட்டர் காற்று. 28 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று 50 சதவீதத்திலிருந்து 85-க்கு ஏறக் கால் லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகமான தண்ணீர் போதும். நீங்கள் ஊற்றுவதோ வாளிக் கணக்கில். சாக்கு குடித்தது, சுவர் குடித்தது, கதவைத் திறந்ததில் வெளியே போனது எல்லாம் கழித்தாலும், மிச்சம் தரையில்தான் தேங்கிக் கிடக்கிறது. அதனால் தண்ணீரின் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதை ஆவியாக்குவதும், ஆவியான பிறகு காற்றோட்டத்தைக் கெடுக்காமல் உள்ளே நிறுத்துவதும்தான் வேலை.

முதலில் மீட்டர்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் போதும். ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்பக்கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, நனைந்த மணல் பதத்துக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஒரே ஜிப் கவரில் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். 60 காட்டினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கரண்டும் பேட்டரியும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய முறை இருக்கிறது: இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத் துணி. நன்றாக விசிறிவிட்டுப் பாருங்கள். காய்ந்தது 26 டிகிரி, ஈரமானது 24 என்றால் ஈரப்பதம் 85. வித்தியாசம் நான்கு டிகிரி ஆகிவிட்டால் 70-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். மலிவு டிஜிட்டல் மீட்டர்கள் 90-க்கு மேல் போனால் உளற ஆரம்பிக்கும்.

மீட்டர் தொங்க வேண்டிய இடம் படுக்கைகளுக்கு நடுவே, பாதி உயரத்தில். கதவருகே மாட்டினால் வராண்டாவின் ஈரப்பதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இழை பரவும் நாட்கள்

வித்துப் போட்டு முதல் பதினைந்து இருபது நாள் அறை ஈரப்பதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பைக்குள் இருக்கும் ஈரமே போதும், தண்ணீர் தெளிக்க வேண்டாம். வைக்கோல் பதத்தை மட்டும் பை கட்டும்போதே பார்த்துவிடுங்கள்: கையில் இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. பையின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் மேலே என்ன செய்தாலும் அந்தப் படுக்கை தேறாது.

அறையைத் தயார் செய்வது

தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஆற்றுமணல், சுவரை ஒட்டித் தொங்கும் சணல் சாக்கு. இந்த இரண்டும்தான் உங்கள் ஈரப்பத இயந்திரம். டைல்ஸ் போட்ட அறையில் மணல் கொட்ட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். தார்ப்பாய் விரித்து அதன்மேல் கொட்டுங்கள். சாக்கை வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் காளானுக்கு முன்னால் பச்சைப் பூஞ்சணம் அதில் அறுவடைக்கு வந்துவிடும். சுவிட்ச் போர்டு அறைக்கு வெளியே இருக்கட்டும். அந்த லைனில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் ஈர அறைக்குள் மோட்டாரோ ஃபேனோ போடாதீர்கள்.

நாலைந்து படுக்கைதான் என்றால் முழு அறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிவிசி குழாயில் ஒரு சட்டம் கட்டி, பாலித்தீன் தாளால் மூடி, அறைக்குள்ளேயே சின்னக் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்தில் ஈரம் சீக்கிரம் ஏறும், காற்றும் சீக்கிரம் கெடும். அதனால் அடியில் நாலு விரல் இடைவெளி கட்டாயம்.

மொட்டு விட்ட பிறகு

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மொட்டு எட்டிப் பார்த்ததிலிருந்து பறிக்கிற வரைக்கும் மூன்று நாலு நாள்தான். அந்த நாட்களில் காளானுக்கு இரண்டு தேவை. ஈரமும் வேண்டும், புதுக் காற்றும் வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் மீட்டர் 90-ஐத் தொடும், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். உள்ளே காளானும் வைக்கோலும் மூச்சுவிட்டு விட்டுக் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மறுநாள் காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை பொத்தான் அளவுக்கே நிற்கும். அதைப் பயந்து ஜன்னலைத் திறந்து போட்டால் மத்தியானக் காற்று மொட்டைக் கருக்கிவிடும்.

நான் பின்பற்றும் வரிசை இதுதான். மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், ஜன்னலையும் கதவையும் அரை மணி நேரம் நன்றாகத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்து வெளிக்காற்று குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும், இலவசமாகவும் கிடைக்கும். பிறகு மணலுக்கும் சாக்குக்கும் தண்ணீர் காட்டிவிட்டு மூடுங்கள். காற்றோட்டம் முதலில், தண்ணீர் பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நன்றாகத் தெளித்துவிட்டு ஜன்னலைத் திறந்து, தெளித்த ஈரம் அத்தனையையும் தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

பகலில் மூடிய அறைக்குள் காற்று மெல்ல வந்து போக ஒரு வழி வேண்டும். ஒரு சுவரில் கீழே சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச் சுவரில் மேலே காற்று வரும் திறப்பு. அந்தத் திறப்பில் ஈரச் சாக்கை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுங்கள், பூச்சி வராமல் அதன்மேல் கொசுவலை. உள்ளே வரும் காற்று சாக்கைத் தாண்டித்தான் வர வேண்டும். வரும்போதே குளிர்ந்து நனைந்து வருவதால் காற்றுக்கும் ஈரத்துக்கும் இருந்த சண்டை முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். ஃபேனை மணிக்கு ஐந்து நிமிடம் ஓட்டுவதில் ஆரம்பித்து, காம்பைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபேனும் படுக்கையை நேரே பார்த்து வீசக்கூடாது.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தரையையும் சுவரையும் மறுபடி நனையுங்கள். மொட்டின் மேல் படாமல், காற்றில் மேல்நோக்கிப் பனி போலத் தெளித்தால் சரி. பார்க்க வேண்டியது குடையின் பளபளப்பை. தெளித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத குளிர்ச்சி மட்டும் இருக்க வேண்டும். பளபளப்பு அப்படியே நின்றால் தெளிப்பது அதிகம், காற்று குறைவு. பழுப்பு மஞ்சளில் வழவழப்பான புள்ளி விழுந்தால் பாக்டீரியா வந்துவிட்டது. அந்தக் கொத்தைக் கிள்ளி வெளியே போட்டுவிட்டு ஒரு நாள் தெளிப்பை நிறுத்துங்கள். வறட்சியில் வருகிற மஞ்சள் வேறு மாதிரி: மொட்டு சுருங்கி, ஓரம் காய்ந்து, தொட்டால் தோல் போல இருக்கும். போனில் "மஞ்சளாயிடுச்சு" என்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஈர மஞ்சளா, காய்ந்த மஞ்சளா?" இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

ராத்திரியில் சும்மா விடுங்கள். 25 டிகிரியில் 85 சதவீதம் இருக்கிற அறை 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் காற்றால் அந்த ஆவியைத் தாங்க முடியாது, குடையின் மேல் துளியாக இறக்கிவிடும். படுக்கப் போகுமுன் "ஒரு தடவை அடிச்சுட்டுப் போயிடலாம்" என்கிற பழக்கம் மார்கழி மாதத்தில் பயிரையே அழித்துவிடும். கடைசித் தெளிப்பு மாலை ஐந்து மணிக்கு முன்னால்.

ஊரும் பருவமும்

ஈரோடு, கோவைப் பக்கம் சித்திரை மாதத்தில் வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 என்றால் ஈரச் சாக்கு முறையில் காற்று 24 டிகிரி வரை இறங்க இடமுண்டு. நடைமுறையில் 27, 28 வரும், அதுவே பெரிய லாபம். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 என்றால் தலைகீழாக நின்றாலும் 29-க்குக் கீழே இறங்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் கோடையில் சாக்கை நனைத்து நனைத்து ஏமாறுவது இதனால்தான். அந்த மாதங்களில் பேசாமல் பால் காளானுக்கு மாறிவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே-2 ரகம் 30 டிகிரிக்கு மேலும் காய்க்கும்.

ஏசி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியே வெளியே ஊற்றிவிடும். ஏசி ஓடும் அறைக்கு ஹியூமிடிஃபையர் தனியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடுவதற்குக் கரண்ட் பில் நீங்கள் கட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை எதிர்த் திசையில். மணலை நனைக்க வேண்டாம், சாக்கைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மழைக்காலத்தில் காளான் ஈக்கள் மொய்ப்பதும் இந்தத் தேங்கிய ஈரத்துக்குத்தான்.

இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு

அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையரில் போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு வெள்ளைப் பொடியாகக் குடையில் படியும், வாங்குகிறவர் மருந்து அடித்திருக்கிறீர்கள் என்பார். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது சேமித்த மழைநீர்தான். ஃபாகர் நாசிலும் அதே உப்பால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வினிகரில் ஊறப் போட்டால் திறந்துகொள்ளும். கன்ட்ரோலர் இருந்தால் 82-இல் ஓடவும் 88-இல் நிற்கவும் வையுங்கள். 90, 95 என்று ஆசைப்பட வேண்டாம். அதன் சென்சார் மேல் பனி நேரடியாகப் பட்டால் அது 99 என்று காட்டி மிஷினை நிறுத்திவிடும், அந்தப் பக்கம் படுக்கை காய்ந்துகொண்டிருக்கும். டைமர்தான் இருக்கிறதா? அரை நிமிடம் ஓடி, கால் மணி நேரம் நிற்கட்டும். மீட்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பறிப்பும் அடுத்த காய்ப்பும்

தெளித்த கையோடு பறிக்கக் கூடாது. காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். ஈரக் காளானை பாக்கெட் போட்டால் சாயங்காலமே உள்பக்கம் வியர்த்துக் கொழகொழத்துப் போகும். குடையின் ஓரம் மேல்நோக்கி விரிவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வித்துத் தூள் பறக்க ஆரம்பிக்கும். அந்தத் தூள் சிலருக்கு இருமலும் இழுப்பும் கொண்டுவரும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

முதல் அறுவடை முடிந்ததும் மேலே சொன்ன விதி ஒன்று மாறுகிறது. இப்போது படுக்கைக்கே நேராகத் தண்ணீர் வேண்டும், ஏனென்றால் முதல் காய்ப்பு வைக்கோலின் ஈரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போயிருக்கும். காம்பு மிச்சத்தைச் சுத்தமாகக் கிள்ளி எடுத்து, மேற்பரப்பை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு லேசாகச் சுரண்டிவிட்டு, காலையும் மாலையும் படுக்கை மேலேயே தெளியுங்கள். புது மொட்டு தெரிந்த அன்றைக்கு நேரடித் தெளிப்பை நிறுத்திவிட்டு மறுபடி மணல், சாக்கு முறைக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது காய்ப்புக்குப் பிறகும் படுக்கையைத் தொங்கவிட்டு வைக்காதீர்கள். எருக்குழியில் போட்டுவிட்டு, மணலை மாற்றி, சுவரைக் கழுவி, அறையை இரண்டு நாள் திறந்து போட்டு நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த படுக்கைகளைத் தொங்கவிடுங்கள்.