இயங்குநிரல்களின் உரையாடல்

சார்புமொழிகள் எனப்படும் நிரல்மொழிகளைப் பயிலத் தொடங்கும் மாணவர் முதற்கண் வியப்பது அவற்றின் தூய்மையையேயாம். ஒரு சார்புக்கு ஒரே உள்ளீட்டினை எத்துணை முறை அளிப்பினும் அது தரும் விடை ஒன்றே. காலமும் இடமும் அதனை மாற்றா. ஆயினும், நிரல் எதுவும் தனித்து வாழ்வதன்று. அது பிற நிரல்களை ஏவவேண்டும், அவற்றோடு பேசவேண்டும், பல்வகை இயங்குதளங்களுக்கெனக் கட்டப்படவும் வேண்டும். இவ்விடங்களில் தூய மொழிக்கு நேரும் இடர்களையும் அவற்றின் தீர்வுகளையும், 1990-ஆம் ஆண்டில் முதல் அறிக்கை வெளிவந்த ஹாஸ்கெல் மொழியைச் சான்றாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைப் பிராசஸ் என்பர். நாம் அதனை இயங்குநிரல் என்போம். ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தீண்டாவண்ணம் இயங்குதளம் காக்கின்றது. ஆதலின் இரண்டும் பேசுதற்கு ஒரு வாயில் வேண்டும். அத்தகைய வாயில்களுள் பழமையும் எளிமையும் வாய்ந்தது குழாய். டக்ளஸ் மக்கில்ராய் 1964-இல் எடுத்துரைத்த இக்கருத்தினைக் கென் தாம்சன் 1973-இல் யுனிக்ஸ் தளத்தில் நிறைவேற்றினார். ஒரு முனையில் இட்ட பைட்டுகள் மறுமுனையில் அதே வரிசையில் வெளிவரும், அவ்வளவே. ஒரு செய்தி எங்கு முடிந்து மற்றொன்று எங்குத் தொடங்குகின்றது என்பதனைக் குழாய் அறியாது.

குழாய்க்கு அளவும் உண்டு. லினக்ஸ் தளத்தில் அது வழக்கமாக 65,536 பைட்டுகளையே தாங்கும். தாய்நிரல் ஒரு சேய்நிரலை ஏவி, அது முடியும்வரை காத்திருந்து, பின்னர் அதன் விடையைப் படிக்க எண்ணுகின்றது என்று கொள்வோம். விடை சிறிதாயின் தீங்கில்லை. பெரிதாயின், குழாய் நிரம்பியவுடன் சேய் எழுதவியலாது நின்றுவிடும். தாயோ சேய் முடியட்டும் எனக் காத்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி என்றென்றும் நிற்பர். பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது. சிறு சோதனைகளில் தேறிய நிரல் பெருந்தரவின்முன் வாளா நின்றுபோவது இதனாலேயே.

ஹாஸ்கெல் மொழியில் இவ்விடர் இன்னும் நுட்பமானது. அம்மொழி ஒரு மதிப்பினை வேண்டுங்காலத்தன்றிக் கணிப்பதில்லை. 'உள்ளடக்கத்தைப் பெறுக' என முன்னரும், 'சேய் முடியும்வரை காத்திருக்க' எனப் பின்னரும் எழுதினும், அவ்வுள்ளடக்கத்தை எவரும் வேண்டாதவரை அது குழாயிலேயே தங்கும். எழுதிய வரிசை கண்ணை மயக்குகின்றது. ஆகவே, விடையை இறுதிவரை படித்து முடித்த பின்னரே காத்திருத்தல் முறை. விடைக்கொன்றும் பிழையுரைக்கொன்றுமாக இரு குழாய்கள் இருப்பின், இரண்டையும் ஒருங்கே படிக்கத் தனித்தனி இழைகள் வேண்டும்.

இனி, தளங்களின் வேற்றுமையைக் காண்போம். வரியின் முடிவினை லினக்ஸ் 10 என்னும் ஒரே பைட்டாலும், விண்டோஸ் 13, 10 என்னும் இரு பைட்டுகளாலும் குறிக்கின்றன. விண்டோஸில் உரைநிலையில் எழுதும் ஹாஸ்கெல் நிரல் இம்மாற்றத்தைத் தானே செய்துவிடும். ஐந்து ஆங்கில எழுத்துகளும் ஒரு வரிமுடிவும் கொண்ட செய்திக்கு நீளம் 6 என முன்னர் அறிவித்தோமாயின், அங்கு 7 பைட்டுகள் செல்லும். பைட்டுகளை எண்ணிப் படிப்போன் ஆறனை எடுத்துக்கொள்வான். எஞ்சிய ஒன்று அடுத்த செய்தியின் தலையில் ஏறும். அதன்பின் வருவன யாவும் பிறழும். இரு முனைகளையும் பைட்டு நிலையில் வைத்து, நீளத்தை நான்கு பைட்டுகளில் வரையறுத்த வரிசையில் எழுதுதல் இதற்கு மருந்து.

நிற்க. ஒரு தளத்தில் இருந்துகொண்டே மற்றொரு தளத்திற்கு நிரல் கட்டுவதும் உண்டு. ஹாஸ்கெலில் சில பகுதிகள் தொகுக்கப்படும் வேளையிலேயே இயங்கவேண்டும். விண்டோஸுக்கெனக் கட்டிய பகுதி லினக்ஸ் பொறியில் நேரே இயங்குமோ? இயங்காது. இதற்கு வழி குழாயே தந்தது. ஜி.எச்.சி. என்னும் தொகுப்பியின் 8.0 பதிப்பு, 2016-இல், அத்தகைய பகுதிகளைத் தனியானதோர் இயங்குநிரலிடம் ஒப்படைக்கக் கற்றது. அதனை வைன் முதலிய துணைகொண்டு லினக்ஸிலேயே இயக்கலாம். உரிய பொறியிலும் இயக்கலாம். ஈண்டும் சார்பினைப் பைட்டுகளாக எழுதி அனுப்புதல் இயலாது. அதனைச் சுட்டும் குறியே குழாய்வழிச் செல்லும்.

கட்டுதலையே ஒரு சார்பாகக் கருதியவர் ஈல்கோ டோல்ஸ்ட்ரா. அவர் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் அளித்த ஆய்வுரை, நிக்ஸ் என்னும் முறையை விளக்குவது. மூலநிரல், தொகுப்பி, நூலகங்கள் யாவும் உள்ளீடுகள். கட்டப்பட்ட பொருள் விடை. உள்ளீடுகள் அனைத்தினின்றும் கணித்த ஓர் அடையாளம் விடையின் இருப்பிடப் பெயரிலேயே பொறிக்கப்படும். ஓர் உள்ளீடு மாறினும் பெயர் மாறும். ஆதலின் பழையதும் புதியதும் கலவா.

இவற்றால் அறியக்கிடப்பது யாதெனின், தூய்மையென்பது புறவுலகினை மறுத்தலன்று. அதனோடு கலக்கும் எல்லையை ஐயமற வரையறுத்தலே என்பதாம். மாணவர் தாம் எழுதும் நிரலை 65,536 பைட்டுகளுக்கு மேற்பட்ட தரவு கொண்டும், இரு தளங்களிலேனும் சோதித்தும் அறிவாராக. தம் அறையில் இயங்கியது பிறர் அறையிலும் இயங்கும் என்னும் உறுதி அதன் பின்னரே உண்டாம்.