இலக்கணமும் பதிப்பெண்ணும்

தொல்காப்பியத்தின்படி சகரமெய் அகரத்தோடு கூடி மொழிமுதல் வாராது. ஆதலின் 'சட்டி' என்னுஞ் சொல் அந்நூற்கு வழுவாம். பன்னீருயிரோடும் சகரம் முதலாதலை உடன்பட்ட நன்னூற்கோ வழாநிலையேயாம். (நன்னூலாசிரியர் பவணந்தியாரை, நம் திருச்செங்கோடு அடங்கிய கொங்குநாட்டினர் என்பாருமுளர்.)

கணினிமொழிக்கும் இந்நிலை உண்டு. பைத்தான் மொழியில் முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் இணைத்தெழுதுங் குறி, 2019-இல் வெளிவந்த 3.8-ஆம் பதிப்பிற் புகுந்தது. 3.7-ஆம் பதிப்பில் தொடரைப் பகுத்துணரும் பாகுபடுத்தி அதனைக் காணின், 'தொடரியற்பிழை' என்னுமளவில் நின்றுவிடும். எழுதினோன் கைதவறினானோ, பின்வந்த விதியைக் கைக்கொண்டானோ என்று பிரித்தறிய மாட்டாது. புதியது கற்ற பாகுபடுத்தியே பழையதன் எல்லையைக் காட்ட வல்லது. ஆகவே, பழைய பதிப்பெண் ஒன்றை நாம் குறித்துக் கொடுப்பின், பிற்காலப் பாகுபடுத்தி தொடரைப் புதிய இலக்கணத்தாற் படித்து, அவ்விதி பிறந்த பதிப்பை அவ்வெண்ணோடு ஒப்பிட்டு, 'இது 3.8 முதற்றான் செல்லும்' என விடை தரும்.

இறந்த வழக்கின் திறம் வேறு. அடைப்புக்குறியின்றிப் 'பிரிண்ட்' என்றெழுதுதல் 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிற் கழிந்தது. கழிந்ததனையும் நினைவில் வைத்திருப்பதனாலேயே பிற்பதிப்புகள் 'அடைப்புக்குறி விடுபட்டது' என்று சுட்டுகின்றன. எனினும் எல்லா வேறுபாடுகளும் இவ்வாறு அகப்படா; பழைய பதிப்பின்படி ஆராய்தல் இயன்றவளவே என்று அம்மொழியின் கையேடே கூறுகின்றது.