சிங்க் மாற்ற கிரானைட்டை உடைக்கணுமா?



நம் உறுப்பினர் அக்கா ஒருவர் சமையல் மேடைக்காக 15,000 ரூபாய் உள்கடன் கேட்டு மனு கொடுத்தார். சிங்க் ஒழுகுதாம்; மாத்தணும்னா கிரானைட்டை உடைச்சுப் புதுசா போடணும்னு கொத்தனார் சொல்லிட்டாராம். சீட்டுப் பணத்தில் ஆசையாகப் போட்ட கல். கடன் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம்.

கல்லுக்கு அடியில் பொருத்திய சிங்க் பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். டார்ச் அடித்து, கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும். சிலது கிரானைட்டின் அடியில் ஒட்டப்பட்டு, ஆங்கிள் மேல் நிற்கும். ஒட்டை அறுத்துவிட்டால் கீழ்வழியாகவே இறக்கிவிடலாம். இன்னொரு வகையில், கடப்பா கல் மேல் சிங்கின் விளிம்பை வைத்து, அதற்கு மேல் கிரானைட்டைப் பதித்திருப்பார்கள். விளிம்பு இரண்டு கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். அக்கா வீட்டில் இதுதான்.

இதிலும் அறுக்க வேண்டியது கீழே உள்ள கடப்பாவைத்தான். சுத்தியல் போட விடாதீர்கள். சிங்குக்கு முன்னால் இருக்கும் கிரானைட் பட்டை நாலு விரல் அகலம்தான். அதிர்ந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். மேல்கல்லுக்கு முட்டு கொடுத்துவிட்டு, கட்டிங் மெஷினால் கடப்பாவை மட்டும் அறுக்கச் சொன்னோம். பிளம்பர் முதலில் முணுமுணுத்தார். அப்புறம் அவரே, "இது சரிதாம்மா" என்றார்.

புது சிங்க் வாங்கும் முன் கல்லில் உள்ள திறப்பை நீளம், அகலம் அளந்துகொள்ளுங்கள். ஆழத்தையும் மறக்க வேண்டாம். பழசைவிட ஆழமானதை வாங்கினால் அதன் வாய், சுவரில் உள்ள வேஸ்ட் பைப்பைவிடக் கீழே போய்விடும், தண்ணீர் இறங்காது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ஒட்டும்போது அவசரமே கூடாது. பழைய சிலிகானைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, கல் நன்றாகக் காயணும். ஈரக் கல்லில் எதுவும் பிடிக்காது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். கல்லுக்கு ஏற்ற நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

சிலிகான் தண்ணீரைத்தான் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. 18 அங்குல நீளம், 16 அகலம், 8 ஆழமுள்ள சிங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 38 கிலோ! அதற்கு மேல் குக்கர், இட்லிப் பானை வேறு. ஆகவே அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் அவசியம். அறுத்த கடப்பா தாங்கிய பாரத்தையும் இனி அதுதான் தாங்கணும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. அக்கா அன்றைக்குப் பாத்திரத்தைக் கொல்லையில்தான் கழுவினார். மறுநாள் சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். தாள் நனையவில்லை. அடைப்பைத் திறந்துவிட்டு மறுபடி பார்த்தோம், பைப் மூட்டில் ஒரு சொட்டு. நட்டை இறுக்கியதும் நின்றது.

சிங்க், ஆங்கிள், கூலி எல்லாம் சேர்த்து 4,700 ரூபாய். மனுவை 5,000 என்று திருத்தி வாங்கிக்கொண்டோம். பத்து மாதத் தவணை.